அயல்நாட்டு அறிஞர்களுக்கான கழிப்பறை

அமெரிக்க ஏழைகளுக்காக எங்கள் கல்லூரியில் ஒரு மையம் இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லூரி வளைவுக்குள் நுழைந்து இடது கைப் பக்கம் திரும்பினால் முதல் கட்டடம் அதுதான். 'அமெரிக்கச் சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் ஆய்வு மையம்' என்று பித்தளை எழுத்தில் மின்னும். உள்ளே இரண்டு ஏ.சி. ஓடும். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் சிகாகோ கூலிக்காரர்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், நியூயார்க்கில் எந்தத் தையல் ஆலையில் பெண்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள், வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் சூப்புக்கு எவ்வளவு நீளம் வரிசை நின்றது, எதைக் கேட்டாலும் அங்கே பதில் கிடைக்கும். கேட்க ஆள் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

நான் அந்த மையத்தில் கௌரவ விரிவுரையாளர். பெயர் முத்துக்குமரன். கௌரவம் பதவியின் பெயரோடு சரி. வருஷா வருஷம் மே மாதம் வேலை முடிந்துபோகும். ஜூனில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். இப்படி எட்டு மே மாதங்களைப் பார்த்துவிட்டேன். பரிதாபம் தேடிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இது ஒரு காரணம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி எடுத்துக்கொண்டு என்னை மன்னித்துவிட வேண்டாம் என்பதற்காகவே முதலில் சொல்லிவைக்கிறேன்.

மையத்துக்கு இந்தப் புதுக் கட்டடம் வருவதற்கு முன் அந்த இடத்தில் துப்புரவுப் பெண்கள் உட்கார ஒரு தகரக் கொட்டகையும், ஒட்டினாற்போல் ஒரு கழிப்பறையும் இருந்தன. வறுமையை ஆராய இடம் தேவைப்பட்டது. இரண்டையும் இடித்தார்கள். ஆனால் புதுக் கட்டடத்தின் பின்பக்கம், வெளியிலிருந்தே போகிற மாதிரி, ஒரு நல்ல கழிப்பறை கட்டினார்கள். வெள்ளைப் பீங்கான், வெந்நீர்க் குழாய், ஆளுயரக் கண்ணாடி. கதவில் 'அயல்நாட்டு அறிஞர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒரு பூட்டும் போட்டார்கள். சாவி என்னிடம் இருந்தது.

மூன்று வருஷத்தில் அயல்நாட்டு அறிஞர் ஒருவரும் வரவில்லை. ஒருவர் வருவதாக இருந்தது. மதுரை வெயிலை விசாரித்துவிட்டுக் காணொளியில் பேசி முடித்துக்கொண்டார். இருந்தாலும் தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறப்பேன். துப்புரவுப் பெண்களில் ஒருவரான மலையம்மாள் உள்ளே போய்த் தரையைத் தேய்த்து, பீங்கானைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். நான் பூட்டுவேன். பதிவேட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது. பயன்படுத்தியோர்: இல்லை' என்று எழுதுவேன். யாருமே போகாத கழிப்பறையை அந்த அம்மாள் மூன்று வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவரும் அவரோடு வேலை பார்த்த பத்துப் பெண்களும் ஒதுங்குவதற்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டுக்குப் போவார்கள். போன ஆடியில் அந்தக் காட்டைப் பார்த்து மூன்று மாடியில் மாணவர் விடுதி எழும்பியது. தளத்துக்கு இருபது ஜன்னல். அதன்பிறகு அவர்கள் வீட்டில் விடியுமுன் போய்விட்டு வந்தால் சாயந்தரம் வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். புரட்டாசியில் அவர்களில் ஒருவரான சோணையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நூலகப் படியில் சுருண்டு விழுந்தார். தண்ணீர் குடிக்காமல் மூத்திரப் பையில் கிருமி என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் காலை நான் பூட்டைத் திறந்தபோது மலையம்மாள் உள்ளே போகாமல் நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். கழுவிட்டு வர்றப்ப ஒரு அர மணி நேரம் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. பதினோரு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போயிட்டு, மறுக்க கழுவி வச்சிர்றோம். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது."

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. மேல கேக்கணும்."

"மேல யாரு வந்து பாக்கப் போறா சார்?"

யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு மனு குடுத்திருங்க. முறையாப் போவோம்" என்று சொன்னேன். மனுவையும் நானே எழுதினேன், கையெழுத்துப் போட இடம் காட்டினேன், ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்குக் கேன்டீனில் ஒரு வடை கூடுதலாகத் தின்றேன்.

மனு மையத்தின் இயக்குநர் டாக்டர் விஸ்வநாத்திடம் போனது. நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். அமெரிக்காவில் மூன்று மாதம் இருந்தவர். அங்கே படித்தவர்கள் ஏழைகளோடு ஏழைகளாகக் குடியிருந்து சேவை செய்த வீட்டை நேரில் பார்த்து, அதன் வாசற்படியில் உட்கார்ந்து எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மனுவை இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க முத்துக்குமரன். ஆனா இதுல கோட்பாடு எங்க இருக்கு? வெறுமனே கழிப்பறை வேணும்னா எப்படி? ஏன் வேணும், எத்தனை பேருக்கு வேணும், இதுக்கு முன்னாடி உலகத்துல யாரெல்லாம் கேட்டிருக்காங்க? ஒரு ஆய்வு பண்ணிருவோமே."

கல்லூரி முதல்வர் டாக்டர் பிரியம்வதா உடனே சமத்துவக் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் ஒன்பது பேர். கூட்டம் மூன்றாம் மாடியில் நடந்தது. பக்கத்திலேயே பேராசிரியர்களுக்கான கழிப்பறை இருந்ததால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டம் நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று மணி நேரம் பேசி ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நான் பதினோரு பெண்களிடமும் போனேன்.

"கழிப்பறை இல்லாமை உங்கள் அன்றாட வாழ்வைப் பாதித்துள்ளதா? மிகவும், ஓரளவு, கருத்து இல்லை. இதுல ஒண்ணு சொல்லுங்கக்கா."

மலையம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாலாவதா ஒண்ணு சேத்துக்கங்க சார். 'சாவியக் குடுங்க'ன்னு."

"படிவத்துல மாத்த முடியாதுக்கா."

"அப்ப உங்களுக்கு எது தோதோ அதுல கோடு போட்டுக்கங்க."

'மிகவும்' என்பதில் போட்டேன். கட்டுரை நான்கு மாதத்துக்குள் ஒரு சர்வதேச இதழில் வந்துவிட்டது. முதல் பெயர் விஸ்வநாத், இரண்டாவது பிரியம்வதா, மூன்றாவது நான். மேலும் ஆய்வு தேவை என்று முடித்திருந்தோம். பதினோரு பெண்களுக்கும் அடிக்குறிப்பில், பெயர் குறிப்பிடாமல், நன்றி சொல்லியிருந்தோம். பெயரை வெளியிட்டால் அவர்களுக்குத் தீங்கு வரலாம் என்பது ஆய்வு நெறி.

கட்டுரை வந்த உற்சாகத்தில் மார்ச் மாதம் சர்வதேசக் கருத்தரங்கு ஒன்றை அறிவித்தார்கள். வழக்கம்போல் பேசிக் கலையாமல், வரலாற்றைக் கண்முன் நிறுத்தும் உயிர்க்காட்சிகள் வேண்டும் என்று விஸ்வநாத் முடிவு செய்தார். சூப்பு வரிசை ஒன்று. அதில் விருந்தினர்களே கிண்ணம் பிடித்து நிற்கலாம். பைபாஸ் ரோட்டு ஹோட்டல் ஒன்றிலிருந்து காளான் சூப்பு வரும். முக்கியமான காட்சி, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. கழுத்தில் 'நானும் மனிதப் பிறவி' என்று அட்டை மாட்டிக்கொண்டு மாணவர்கள் வரிசையாக உட்கார வேண்டும்.

மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கையில் விளக்குமாறும் இருக்கும் என்றதும் பின்வாங்கினார்கள். இரண்டு பெற்றோர் நேரிலேயே வந்து, "எம்புள்ளைய குப்ப கூட்டுறவன் வேசம் போட வைக்கவா இம்புட்டுத் தூரம் அனுப்பினோம்?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். விஸ்வநாத் கொஞ்சமும் கலங்கவில்லை.

"நம்மகிட்டயே ஒரிஜினல் இருக்கே" என்றார்.

அந்தப் பெண்களைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. சூப்பு அண்டா வைக்கப் போட்டிருந்த கொட்டகையில் உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். வகுப்பில் எட்டு வருஷமாக நடத்துகிற பாடம்தான். ஒரு மழை நாளில் குப்பை லாரியில் வேலை பார்த்த இரண்டு பேர் ஒதுங்க இடமில்லாமல், குப்பையை நசுக்குகிற பகுதிக்குள்ளேயே ஏறி நின்றார்கள், எந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கிவிட்டது, அதன்பிறகு ஆயிரத்து முந்நூறு பேர் வேலைக்குப் போகாமல் தெருவில் நடந்தார்கள் என்று சொன்னேன். வகுப்பில் இதைச் சொல்லும்போது பாதிப் பேர் செல்போன் பார்ப்பார்கள். இங்கே ஒருத்தரும் அசையவில்லை.

"மழைக்கு வேற எங்கிட்டாவது ஒதுங்கியிருக்கலாம்ல சார்?" என்று மலையம்மாள் கேட்டார்.

"வீட்டு வாசல்ல நின்னா அந்தத் தெருக்காரங்க புகார் குடுப்பாங்கன்னு விடல."

"ம்ம். செயிச்சாகளா?"

"ஜெயிச்சாங்கக்கா. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவங்களுக்காகப் பேச வெளியூர்ல இருந்து வந்த பெரிய தலைவர் ஒருத்தர அங்கயே சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் கேட்டது கிடைச்சுச்சு."

"வெளியூருக்காரரா? இவுகளுக்காகவா வந்தாரு?"

"ஆமா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை, சும்மாதான் பார்த்தார். நான் அட்டைகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அட்டைகளை முன்னமே எண்ணியிருந்தேன்.

கருத்தரங்கு அன்று குத்துவிளக்கு ஏற்றி, மேடையில் இருந்த பதினான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்தி முடிக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. விஸ்வநாத் பேசினார்.

"வறுமைங்கிறது பெரிய விஷயம். கிட்டப் போய்ப் பார்த்தா அது புரியாது. வியர்வை தெரியும், அழுகை கேட்கும், மனசு கலங்கிரும், ஆய்வு கெட்டுப்போகும். அதனால தள்ளி நின்னு பார்க்கணும். நான் பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்னு பார்த்தேன். அப்பத்தான் எனக்கு வறுமை தெளிவாத் தெரிஞ்சது."

கைதட்டல் அடங்க நேரமானது. அடுத்து முதல்வர் பிரியம்வதா எழுந்தார்.

"சமத்துவத்துல நம்ம கல்லூரி ஒரு படி முன்னால இருக்குங்கிறதப் பெருமையோட சொல்லிக்கிறேன். இங்க கடைநிலை ஊழியர்னு ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரையும் கான்ட்ராக்ட்ல விட்டுட்டோம்."

மதியம் விருந்தினர்கள் சூப்பு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கிண்ணம் கேட்டவர்களைப் பார்த்து, அந்தக் காலத்திலும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று ஒருவர் உருகினார். பிறகு மெம்ஃபிஸுக்கு வந்தார்கள். நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் சாமியானாவுக்குக் கீழே பத்துப் பெண்கள் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சோணையம்மாள் உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தார். சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற அதிகாரி அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன தத்ரூபம்! முகத்துல அந்தக் களைப்பப் பாருங்க. எத்தனை நாள் ஒத்திகை?"

"இருபது வருசம்" என்றார் மலையம்மாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிறந்த காட்சிக்கான கேடயத்தை விஸ்வநாத்திடம் கொடுத்தார்.

நிகழ்ச்சி நிரலின்படி வேலைநிறுத்தம் நான்கரை மணிக்கு முடிய வேண்டும். நான்கரைக்கு நான் போய், "முடிஞ்சதுக்கா, எந்திரிங்க. சாமியானாக்காரர் காத்திருக்காரு" என்றேன். யாரும் எழவில்லை.

"சாவிய வாங்காம எந்திரிக்க மாட்டோம் சார். அவுக செயிச்சாகன்னு நீங்கதான சொன்னீக? நாங்க ஒண்ணும் ரெண்டு மாசம் கேக்கல. கொஞ்ச நேரம் இருந்து பாக்குறோம்."

விஸ்வநாத் ஓடிவந்தார். பக்கத்தில் உட்காரப்போனவர், தரையைப் பார்த்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"அம்மா, உங்க உணர்வு எனக்குப் புரியுது. போராட்டத்துக்கு நான் எதிரி இல்ல, என் வாழ்க்கையே அதுதான். ஆனா இது அறுபத்தெட்டாம் வருஷத்துப் போராட்டம். நீங்க கேக்குறது இன்னிக்கு உள்ளது. ரெண்டையும் கலக்கக் கூடாது. இன்னிக்கு நடக்கிறதுக்கு எங்க மையத்துல இடமில்ல. ஒரு அம்பது வருஷம் போகட்டும், நானே உங்களப் பத்தி புத்தகம் எழுதுறேன்."

"அம்பது வருசம் அடக்க முடியாதுங்கய்யா" என்றார் மலையம்மாள்.

விஸ்வநாத் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். குரல் அப்போதும் உயரவில்லை.

"போலீஸக் கூப்பிட்டா அசிங்கம். அப்புறம் நிஜமாவே மெம்ஃபிஸ் ஆயிரும். நீங்க போங்க. உங்கள நம்புறாங்க. உட்கார்ந்திருக்கவங்க பேர மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு சார்?"

"கான்ட்ராக்டருக்கு அனுப்பணும். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" தோளில் கை வைத்தார். "ஜூன்ல உங்க ஃபைல் என்கிட்டதான வரும்."

தெரிந்துதான் போனேன். ஒரு வெள்ளைத்தாள், கீழே வைத்து எழுத ஒரு அட்டை, பேனா. அவர்கள் முன்னால் போய் நின்று, "பேரு சொல்லுங்க" என்றேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அந்தப் பொய் சொல்லாத பெருமையை இன்றுவரை வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவிக்கிறேன்.

"பேரு எழுதுறாரு பாருடி. சார் மேல பேசிட்டாரு" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சாவி தரப்போகிறவர்களின் பட்டியல் என்று நினைத்துக்கொண்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒழுங்காக வரிசையில் வந்து, அப்பன் பெயரா புருஷன் பெயரா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னார்கள். அழகாக, நிதானமாக எழுதினேன். மலையம்மாள் கடைசியாக வந்தார்.

"எம் பேரு எழுதிட்டீகளா சார்? அப்புறம், சோணையம்மா இன்னைக்கு வரல. நாளைக்குத்தான் வாரா. அவ பேரையும் போட்ருங்க. எங்க எல்லாரையும்விட அவளுக்குத்தான் மொதல்ல வேணும்."

பேனா தாளின் மேல் நின்றது. சோணையம்மாள் அங்கே உட்காரவில்லை, அட்டை மாட்டவில்லை, எந்தப் பட்டியலிலும் வரவேண்டியதில்லை. 'வேண்டாம்க்கா' என்று நான் சொல்லியிருந்தால், ஏன் வேண்டாம் என்று மலையம்மாள் கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதினொன்றாவதாக சோணையம்மாள் என்று எழுதினேன்.

"நல்லாயிருப்பீக சார்" என்றார் மலையம்மாள்.

மறுநாள் காலை பின்வாசலில் கான்ட்ராக்டரின் ஆள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பட்டியலில் இருந்தவர்கள் உள்ளே வரவேண்டாம் என்று ஒவ்வொரு பெயராக வாசித்தான். என் கையெழுத்து தெளிவாக இருந்ததால் எங்கும் தடுமாறவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு வந்திருந்த சோணையம்மாள், "நான் நேத்து வரவே இல்லையே, என்னத்துக்கு எம் பேரு?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மலையம்மாள் என்னைக் கண்டதும் கம்பிக் கதவுக்கு வெளியே இருந்தபடியே கூப்பிட்டார்.

"சார், அந்தப் பேப்பரு எப்படியோ கைமாறிப் போச்சு போல. சாவிக்கு எழுதுன பேப்பர வேலைய நிறுத்துற பேப்பருன்னு நெனச்சிட்டாக. நீங்க எழுதுனதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"பாக்குறேன்க்கா" என்றேன். அவர் அப்போதும் என்னைச் சந்தேகப்படவில்லை. திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால்கூட நான் அன்று சாப்பிட்டிருப்பேன். நான் பார்க்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூன்று நாள் முன்வாசல் வழியாகவே வந்து போனேன். நான்காவது நாள் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜூனில் என் கோப்பில் கையெழுத்தாயிற்று. மையத்தின் ஆண்டறிக்கையில், களப்பணியில் அடித்தட்டு மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று என்னைப் பற்றி ஒரு வரி வந்தது. விஸ்வநாத்தே எழுதியது. மனசாரத்தான் எழுதியிருந்தார்.

புது கான்ட்ராக்டில் திருப்பரங்குன்றம் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறந்தேன். முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பெண் உள்ளே போய்ப் பீங்கானைத் தேய்த்துக் கழுவிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வாளியோடு வெளியே வந்தார். நான் பூட்டினேன். அவர் போகாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீக. நாங்க ஒதுங்கணும்னா எங்கிட்டுப் போறது?"

பூட்டிலிருந்து சாவியை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கருவேலங்காட்டைக் கை காட்டினேன்.

"விடுதி ஜன்னல் தெரியாத பக்கமாப் பாத்துப் போங்கம்மா" என்றும் சொன்னேன்.